மலையேறிய சிப்ஸ்

நியாஹுருரு
பிப்ரவரி 3

கடல்நண்டு அத்மானுக்கு,

மலையாடு எழுதுவது. விரல் விறைத்துப்போய் எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் குளிரைத் திட்டு, என்னைத் திட்டாதே. இந்த விடுதியில் போன் வைத்திருப்பவனை மூட்டை முடிச்சோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் உனக்கு ஒரு தாளைச் செலவு செய்கிறேன்.

உன் அம்மா அனுப்பிய பெட்டி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. பஸ் கண்டக்டர் சாரோ அண்ணன் தானே சுமந்து வந்து கேன்டீன் ஞேரி அக்காவிடம் கொடுத்தார். "மொம்பாசா மரவள்ளி சிப்ஸ் தின்னாத நாக்கை வாடகைக்கு விட்டுடலாம்க்கா" என்று நான் விடாமல் பேசிப் பேசித்தான் அவள் அதை வரவழைத்தாள்.

பெட்டியைத் திறந்தால், அடேய்! ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு குட்டித் தலையணை. தட்டினால் டம் டம் என்கிறது. இரண்டொன்று ஓரத்தில் பிளந்தே விட்டன. உப்புப் போடச் சொன்னால், உன் அம்மா உப்ப வைத்தல்லவா அனுப்பியிருக்கிறாள்!

எனக்குச் சும்மா இருக்க வருமா? சனிக்கிழமை மதியம், சாப்பாட்டுக் கூடத்தில் வழக்கமான கிதேரி. அதாவது சோளமும் பீன்ஸும் எங்களைப் பார்த்து அழுகின்றன, நாங்கள் அவற்றைப் பார்த்து அழுகிறோம். நான் ஆய்வகத்து வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேசை மேல் ஏறினேன். பாக்கெட்டுகளை வரிசையாகப் படுக்க வைத்தேன். "பிரசவ வார்டுக்கு எல்லாரும் வாங்க! அம்மா, வலி எடுத்துடுச்சா? மூச்சை நல்லா இழுங்க!" என்று சொல்லி ஒன்றை அமுக்கினேன். டப்! "ரெட்டைப் பிள்ளைங்க!" கூடமே தரையில் விழுந்து புரண்டது. கிதேரி மூக்கு வழியாக வந்தவனும் உண்டு.

அந்த நேரம் பார்த்து ரோதிச் சார் வந்தார். அந்த வாரம் அவர்தான் மேற்பார்வை. "உப்பிப்போன சாமானைப் பிள்ளைங்களுக்கு விக்கிறீங்களா? யாருக்காவது வயிறு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று ஞேரி அக்காவைப் பிடி பிடி என்று பிடித்தார். மொத்தப் பெட்டியும் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் குப்பைக் குழிக்குப் போயிற்று. நெருப்பில் ஒவ்வொன்றும் வெடித்தது. நாங்கள் ஒவ்வொரு வெடிக்கும் கைதட்டினோம்.

அம்மாவிடம் எண்ணெயை மாற்றச் சொல். இல்லையென்றால் மருத்துவச்சியையும் பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்.

உன் ஆடு,
கிராகு

*

மொம்பாசா
பிப்ரவரி 9

கிராகுவுக்கு,

உன் கடிதத்துக்கு முன்னாலேயே உன் ஜோக் இங்கே வந்துவிட்டது. சாரோ அண்ணன் பஸ்ஸில் சொல்லியிருக்கிறார். பஸ் கடற்கரையில் சொல்லியிருக்கிறது. கலங்கரை விளக்கத்துப் பக்கம் அம்மா வண்டியைப் போட்ட அன்று, முன்பின் தெரியாத ஒருவன் கேட்டான்: "ஏம்மா, பிரசவ ஆஸ்பத்திரி சிப்ஸ் உங்களுதுதானா?" பக்கத்து வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். அம்மாவுக்குப் புரியவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் பஸ் பார்சல் கவுன்டரில், "உங்க பெட்டி இனி வேணாம்மா, மலைமேலேர்ந்து ஒரு சார் போன்ல கத்துறார்" என்று திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகுதான் உன் கடிதம் வந்தது. நான் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நான் கத்தினேன். "பழைய எண்ணெய்தானே ஊத்துன? என் சிநேகிதன் முன்னாடி என்னை நாற வச்சுட்ட!" என்று வாசலில் நின்று, தெரு கேட்கக் கத்தினேன். அவள் அந்தப் பெட்டிக்குப் பொரித்ததில் மீந்திருந்த ஒரு பாக்கெட்டைப் பிரித்து, என் முன்னால் உட்கார்ந்து, கடைசித் துண்டு வரை மென்று தின்றாள். பிறகு சொன்னாள்: "தூரம் போவுதே, நொறுங்கிடக் கூடாதுன்னு இந்தத் தடவை பையில காத்தைக் கொஞ்சம் கூடவே புடிச்சு ஒட்டினேன். அதாலயாடா?"

அன்றிலிருந்து அடுப்பு எரியவில்லை. வாணலியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நோன்பு வருகிறது, அதன் முடிவில் பெருநாள். பெருநாள் இரவு கடற்கரைக் கூட்டம்தான் எங்களுக்கு வருட வருமானம். உனக்கே தெரியும். நீயும்தான் அந்த வண்டியைத் தள்ளியிருக்கிறாய்.

அத்மான்

*

நியாஹுருரு
பிப்ரவரி 14

அத்மான்,

'கடல்நண்டு' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். நீ வெறும் 'கிராகுவுக்கு' என்று எழுதியதைப் பார்த்ததும், வாத்தியார் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

கவுன்டர்க்காரன் அப்படிச் செய்வான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ரோதிச் சாரை போன் பண்ணச் சொன்னேனா? நான் ஜோக்தான் அடித்தேன். வாயைத் திறந்தது நான், போனை எடுத்தது அவர்.

அதுவும் இல்லாமல், யோசித்துப் பார். பால் பாக்கெட் உப்பினால் நாம் என்ன செய்வோம்? மூக்கைப் பிடித்துக்கொண்டு தூரப் போடுவோம். தகர டப்பா உப்பினால் தொடவே மாட்டோம். உப்பினால் கெட்டது என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அம்மா நல்ல அம்மாதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பாக்கெட் பாக்கெட்தானே?

ஞேரி அக்காவும் எனக்குச் சரியாக டீ ஊற்றுவதில்லை. பாதி டம்ளர். மீதிப் பாதியில் அவள் கோபம்.

கிராகு

*

மொம்பாசா
பிப்ரவரி 20

கிராகுவுக்கு,

நோன்பு தொடங்கிவிட்டது. நீ இங்கே இருந்த வருடங்களில் மாலைத் தொழுகை வாங்கு சத்தம் கேட்டதும் யார் எங்கள் பாயில் முதலில் வந்து உட்காருவான் என்று அம்மா நேற்று நினைவு வைத்துக் கேட்டாள். அடுத்த அறைக் கிறித்துவப் பையன், ஒரு வேளையும் பட்டினி கிடக்காதவன். பேரீச்சம்பழத் தட்டில் முதல் கை அவனுடையது.

அதற்காக இதை எழுதவில்லை. நேற்று இயற்பியல் வகுப்பு. ஆசிரியை ஊசியில்லாத ஒரு சிரிஞ்சைக் கொடுத்து, முனையை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை வெளியே இழுக்கச் சொன்னார். உள்ளே ஒரு சின்ன பலூன் துண்டு, வாய் கட்டியது. நான் இழுத்தேன். பலூன் பெருத்தது. விட்டேன், சுருங்கியது. கெட்டுப்போகவில்லை, நொதிக்கவில்லை. சுற்றியிருக்கும் காற்று நெருக்குவது குறைந்தால், உள்ளே இருக்கும் காற்று கை காலை நீட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்.

மலைமேல் ஏற ஏற வெளிக்காற்றின் நெருக்கல் குறையும் என்றும் சொன்னார்.

எனக்குக் காது அடைத்தது. கடல் மட்டத்தில் ஒட்டிய பை. நீ இருப்பதோ மேகத்துக்குப் பக்கத்து வீடு. பெட்டி மலையேறியிருக்கிறது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அம்மாவின் எண்ணெய் அன்று காலை வாங்கியது. எனக்குத் தெரியும், வாங்கி வந்ததே நான்தான். தெரிந்தும் கத்தியிருக்கிறேன்.

உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. கூடம் சிரிப்பதற்கு முன்னால், ரோதிச் சார் வருவதற்கு முன்னால், நீ ஒரு பாக்கெட்டையாவது பிரித்து வாயில் போட்டுப் பார்த்தாயா?

அத்மான்

*

நியாஹுருரு
பிப்ரவரி 25

அத்மான்,

உன் கடிதத்தைக் கழிப்பறைக்குப் பின்னால் நின்று படித்தேன். இந்தப் பள்ளியில் தனியாக முகம் சிவக்க வேறு இடம் இல்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை. உன் கடிதம் வந்த அன்றுதான் எங்கள் இயற்பியல் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: 'வாய் கட்டிய பலூனை மலையுச்சிக்குக் கொண்டு சென்றால் என்ன ஆகும்? ஏன்?' நான் படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறேன். முழு மதிப்பெண். பக்கத்தில் சிவப்பு மையில் 'மிக அருமை' என்று வேறு. அத்மான், அந்தத் தேர்வு நடந்தது நான் மேசை மேல் ஏறிய அதே வாரம்! பலூன் என்று கேட்டால் எழுதத் தெரிகிறது. சிப்ஸ் பாக்கெட்டாக எதிரே வந்து நின்றால் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொள்ளத்தான் தெரிகிறது. அந்தத் தாளை மடித்து மடித்துக் காலணிக்குள் வைத்திருக்கிறேன். நடக்கும்போது குத்தட்டும்.

சாரோ அண்ணனிடம் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். காலி பாட்டில். விடியற்காலையில் மைதானத்தில் நின்று, மூடியைத் திறந்து, இந்த ஊர்க் காற்றைப் பிடித்து இறுக்கி மூடினேன். இங்கே அது குண்டுக் கன்னத்தோடு நிமிர்ந்து நின்றது. அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று எழுது. திறப்பதற்கு முன்னால் அம்மாவிடம் காட்டு.

கிராகு

*

மொம்பாசா
மார்ச் 3

கிராகுவுக்கு,

பாட்டில் வந்தது. யாரோ அறைந்தது போல இரண்டு கன்னமும் உள்ளே ஒட்டிப்போய் வந்தது. இத்தனைக்கும் இங்கே இப்போது அடிக்கிற வெயிலில் தார் உருகுகிறது. சூட்டில் காற்று விரிய வேண்டும். விரிந்தும் இந்த லட்சணம் என்றால், உங்கள் ஊரில் காற்றை எவ்வளவு மெலிதாகத் தடவி வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

அம்மா அதைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "என்னடா இது, அவன் மூஞ்சியா?" என்றாள். பிறகு மூடியைத் திருகினாள். ஹக் என்று ஒரு சத்தம், அழுது முடித்த பிள்ளை மூச்சு இழுப்பது போல. பாட்டில் நிமிர்ந்துகொண்டது. அம்மா திடுக்கிட்டு அதைக் கீழே போட்டுவிட்டாள். "இம்புட்டுக் காத்துலயா அந்தப் பய படுத்து எந்திரிக்கிறான்? அதான் புத்தி போதல."

நான் சிரிஞ்சைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு வாணலிக்காரர்களின் புத்தி, உடனே பிடித்துக்கொண்டாள். "அப்ப எண்ணெய் இல்ல, மரவள்ளி இல்ல, என் கையி இல்ல" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. எழுந்து போய்த் தண்ணீர் பிடித்து வைத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

ஆனால் வாணலி இன்னும் கவிழ்ந்துதான் இருக்கிறது. "நெசம் உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதுமா? சிரிச்சவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்கிறாள்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. பாட்டிலை அனுப்பிப் பேச்சை மாற்றுகிறாய். உன்னை எனக்குத் தெரியாதா?

அத்மான்

*

நியாஹுருரு
மார்ச் 8

அத்மான்,

சரி.

தின்றேன்.

வெள்ளிக்கிழமை பெட்டி வந்ததும் ஞேரி அக்கா, "உன் ஊர்ச் சாமான்தானே, நீ முதல்ல ருசி பாரு" என்று மூன்று பாக்கெட்டைத் தனியாக எடுத்துக் கொடுத்தாள். கம்பளிக்குள் புகுந்துகொண்டு மூன்றையும் தின்றேன். மொறுமொறு என்று, எலுமிச்சையும் மிளகாயும் சரியாக ஏறி. மேல் கட்டில்காரன், "என்னடா எலியா?" என்று கேட்டான். வயிறு ஒன்றும் செய்யவில்லை. விரலை நக்கிவிட்டுத் தூங்கினேன்.

நல்ல சிப்ஸ் என்று எனக்குத் தெரியும், அத்மான். காலையில் மீதிப் பெட்டியைப் பார்த்தபோது ஜோக் வந்துவிட்டது. வந்த ஜோக்கை விட மனசில்லை. 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னால் யார் சிரிப்பார்கள்?

இன்னும் இருக்கிறது. பாக்கெட்டுகள் போதுமான அளவு உருண்டையாக இல்லை என்று, கூடத்துக்குக் கொண்டு போவதற்கு முன்னால் சமையலறைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். சூட்டில் இன்னும் விம்மின. காற்று சூட்டுக்கு விரியும் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, பார். ஜோக்குக்கு வேண்டிய அளவு இயற்பியல் மட்டும் தெரிந்திருக்கிறது.

பால் பாக்கெட் கதையெல்லாம் பிறகு நான் எனக்கே சொல்லிக்கொண்டது.

ரோதிச் சாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், கம்பளி உட்பட. அடிப்பார் என்று நினைத்தேன். "அந்தப் பெட்டியை எரிக்கச் சொன்னவன் நான். பிரிச்சுப் பாக்கணும்னு எனக்கும் தோணலையே" என்றார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, "எங்க நின்னு ஆடினியோ அங்கயே நின்னு சொல்லு. அதுக்கப்புறம் பஸ்காரனுக்கு நான் போன் போடுறேன்" என்றார்.

ஒரே ஒரு சிறு பெட்டி வேண்டும். அம்மா பொரித்தால்தான் உண்டு. பொரிக்க மாட்டேன் என்றால் எனக்குப் புரியும். இந்தக் கடிதத்தை அவளுக்கு முழுதாகப் படித்துக் காட்டு. மூன்று பாக்கெட்டை விட்டுவிடாதே.

கிராகு

*

மொம்பாசா
மார்ச் 13

கிராகு,

முழுதாகப் படித்துக் காட்டினேன். மூன்று பாக்கெட் வந்த இடத்தில் அம்மா கையை உயர்த்தி, "நிறுத்து, திரும்பப் படி" என்றாள். திரும்பப் படித்தேன். "மிளகா சரியா இருந்துச்சாமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு உன்மேல் வந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. மீதிப் பாதி இருக்கிறது, கவலைப்படாதே.

அப்போதுதான் நானும் வாயைத் திறந்தேன். "அவனாச்சும் தூரத்து ஆளும்மா. நான் உன் கண்ணு முன்னாடி நின்னு கத்தினேன்" என்றேன். "அது இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, "வாணலியை எடு" என்றாள்.

பெட்டி சாரோ அண்ணனின் இருக்கைக்கு அடியில் வருகிறது. கவுன்டருக்குத் தெரியாது. ஜோக்கைப் பரப்பிய பாவத்துக்கு அவர் செய்யும் பரிகாரம். இந்த முறை அம்மா பையை வீசிக் காற்றுப் பிடிக்கவில்லை. மெழுகுவர்த்திச் சுடரில் ரம்பத் தகட்டைக் காய்ச்சி ஒட்டுவதற்கு முன்னால், உள்ளங்கையால் ஒவ்வொன்றையும் அமுக்கிக் காற்றை வெளியேற்றினாள். பார்த்தால் பட்டினி கிடந்த பை மாதிரி இருக்கிறது. "இதைப் போயி எப்படிடா அனுப்புறது, மானம் போவுது" என்று அவளுக்கு மனசே இல்லை. அங்கே வந்து சேரும்போது சரியான உடம்போடு இருக்கும் என்று நான் சொல்லியிருக்கிறேன். இல்லையென்றால் உன்னையும் நியூட்டன் வகையறாவையும் சேர்த்து உதைப்பேன்.

ஒரே ஒரு பாக்கெட் மட்டும் பழைய மாதிரி, நிறையக் காற்றோடு. அதன் இடுப்பில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள். இங்கே அந்த நூலுக்குள் ஒரு விரல் தாராளமாகப் போகிறது.

அடியில் உன் பெயர் எழுதிய பொட்டலம் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் பிரி என்றாள். என்னையும் பார்க்க விடவில்லை.

அத்மான்

*

நியாஹுருரு
மார்ச் 16

அத்மான்,

நேற்று மதியம். அதே கூடம், அதே மேசை, அதே கிதேரி. நான் ஏறியதும், "டாக்டர் வந்துட்டாரு! வார்டைத் தொறங்க!" என்று கத்தினார்கள். மேசையைத் தட்டினார்கள். கோட்டு எங்கே என்று கேட்டார்கள்.

நான் நூல் கட்டிய பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினேன். நூல் உள்ளே பதிந்து, பை இரண்டு பந்தாகப் பிதுங்கி நின்றது. விரல் என்ன, ஊசிகூடப் போகாது. "இது மொம்பாசால கட்டின நூலு. பாக்கெட் கெடல. மலை ஏறுச்சு. கீழ காத்து அமுக்குற அளவுக்கு இங்க அமுக்காது, அதான் உள்ள இருக்குற காத்து பெருத்துப்போச்சு. அன்னைக்கும் இதேதான்" என்றேன். பின்னாலிருந்து ஒருவன், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, நீதான் முழு மார்க்காச்சே!" என்றான். சிரித்தார்கள். அதுவரை சரி, அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்.

அதன்பிறகு சொன்னேன். "முந்தின நாளே மூணு பாக்கெட் தின்னேன். நல்லா இருந்துச்சு. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. இதற்கு முன் நான் நின்ற எந்த இடமும் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை, அத்மான். எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடு என்று நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

ரோதிச் சார் எழுந்து வந்து, காற்றுக் குறைத்த பாக்கெட் ஒன்றை எடுத்தார். அளவாக, பூரித்து, கடையில் அடுக்கி வைக்கிற அழகில் இருந்தது. நீ என்னை உதைக்க வேண்டியதில்லை. எல்லோர் முன்னாலும் பிரித்துத் தின்றார். இன்னொன்றையும் எடுத்தார். மூன்றாவதை எடுக்கும்போது ஞேரி அக்கா பெட்டியை இழுத்து மூடி, "சார், பிள்ளைங்களுக்கு வேணாமா?" என்றாள். அப்போதுதான் கூடத்துக்கு மூச்சு வந்தது. பஸ் அலுவலகத்துக்கு அவர் என் முன்னாலேயே போன் போட்டார். அக்கா எனக்கு முழு டம்ளர் டீ ஊற்றினாள்.

இரவு என் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே ஒரு பாக்கெட். தளதளவென்று, அழகாக ஒட்டியது. கையில் எடுத்தால் கனமே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு சிப்ஸ்கூட இல்லை. வெறும் காற்று.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. என் பங்கை நான்தான் ஏற்கெனவே தின்றுவிட்டேனே.

ஊரையே ஏமாற்றுகிறவன் நான். என்னை இதுவரை ஒருவரும் இப்படி மடக்கியதில்லை. கம்பளிக்குள் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வேறாகிவிட்டது. மேல் கட்டில்காரன், "என்னடா எலி அழுவுது?" என்றான்.

அது என் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் கொஞ்சம் தளர்ந்து தொங்குகிறது, மதியம் தகரக் கூரை காய்ந்ததும் மறுபடி விறைக்கிறது. எல்லோரும் "உடைடா, உடைடா" என்கிறார்கள். நான் விடவில்லை. உள்ளே இருப்பது உங்கள் வீட்டு அடுப்படிக் காற்று.

கிராகு

*

மொம்பாசா
மார்ச் 22

மலையாட்டுக்கு,

பெருநாள் வாழ்த்து. அம்மா உனக்காகத் தனியாக எடுத்து வைத்த ஹல்வாவை நான் தின்றுவிட்டேன். உன்னிடம் கற்றது.

பெருநாள் இரவு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஊரே கொட்டிக் கிடந்தது. இடம் பிடித்து, அடுப்பு மூட்டி, முதல் ஈடு எண்ணெயில் விழுந்த நேரம், பின்னாலிருந்து அதே குரல்: "ஏம்மா, பிரசவ ஆஸ்பத்திரி சிப்ஸ் இருக்கா?"

நான் கரண்டியை ஓங்கிவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இறக்கினாள். திரும்பி, கடலுக்கே கேட்கும் குரலில், "இருக்குப்பா! ஒத்தைப் பிள்ளையா, ரெட்டைப் பிள்ளையா? எது வேணும்?" என்றாள்.

அவன் இரண்டு வாங்கினான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே, "எனக்கு ரெட்டை", "எனக்கும் ரெட்டை" என்று கையை நீட்டினார்கள். இரவு முழுக்க அதே கூப்பாடுதான். மூட்டை மரவள்ளி தீர்ந்து, பக்கத்து வண்டியில் கடன் வாங்கினோம். திரும்பும்போது நான் கேட்டேன், உனக்குக் கோபமே இல்லையாம்மா என்று. "பெத்தது நானு, பேரு வச்சது அந்தப் பய. இனி அழிக்கவா முடியும்?" என்றாள்.

கோபம் இருக்கிறது, கிராகு. ஏப்ரல் விடுமுறைக்கு நீ வந்ததும் உட்கார்ந்து மரவள்ளி உரிக்க வேண்டுமாம், கை வெளுக்கும் வரை. நானும் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் அதே தண்டனை.

அந்தப் பொட்டலத்தை உடைக்காமல் கொண்டு வரச் சொன்னாள். கீழே இறங்க இறங்க அது பழைய அளவுக்குச் சுருங்கிவிடும் என்று சொன்னேன். "சுருங்கட்டும். காத்து என்னுது, திருப்பிக் குடுக்கணும்" என்கிறாள்.

கடல்நண்டு